மீன்வள ஆராய்ச்சியும் ஓங்கில்களின் உயிரும்

(யூபிலி ஆண்டுக் கருத்தரங்கில், பங்கு மண்டபத்தில் ஆற்றிய உரை)



சிந்தாதிரிப்பேட்டையில் நின்றுகொண்டு திமிங்கலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்த சிலர் நம்மிடமே கேட்டுவிட்டார்கள். கேட்டது நியாயம்தான். நமது பேட்டையை வளைத்துக்கொண்டு ஓடுவது கடல் அன்று, கூவம். 1734ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய ஊர் இது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு. தறிகள் போய்விட்டன. இன்று நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் பட்டணத்து மக்களுக்கு நினைவில் வருவது மீன் மார்க்கெட்டுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் கையில் பையோடு அந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பதைப் பீடத்திலிருந்து இறங்கி வாசலில் நிற்கும் நாம் அறிவோம். வஞ்சிரமும் சங்கராவும் கானாங்கெளுத்தியும் நம் வீட்டு அடுப்புக்கு வருகிறபோது, அவை எந்த வலையில் வந்தன, அந்த வலையில் அவற்றோடு வேறு என்ன வந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கக் கடமையும் உண்டு.

நாம் இன்று எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியின் ஒரு சிறு மூலை. மீன் பிடிக்கப் போகிற படகு ஒன்று. மீனைப் பற்றி அறியப் போகிற கப்பல் மற்றொன்று. இந்த இரண்டாவது கப்பலின் வலையில், யாரும் வேண்டுமென்று செய்யாமலே, ஓர் ஓங்கிலோ கடற்பசுவோ சிக்கி இறந்தால் அதற்கு யார் பொறுப்பு? அதற்கு ஒரு முறை வகுக்க வேண்டாமா? இவ்வளவுதான் விஷயம். சிறிய மூலைதான். ஆனாலும் அதைத் தூக்கிப் பார்த்தால் முழுப் பாயும் கையோடு வருகிறது.

முதலில் அந்த உயிர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. டால்பின் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வதை நம் கடற்கரையோர் ஓங்கில் என்பார்கள். கடற்பசுவுக்குப் பாக் நீரிணைப் பக்கத்தில் ஆவுளியா என்று பெயர். திமிங்கலத்தை எல்லோரும் அறிவோம். இவை மூன்றும் நீரில் வாழ்ந்தாலும் மீன்கள் அல்ல. குட்டி ஈன்று பாலூட்டுகின்றன. நுரையீரலால் மூச்சு விடுகின்றன. எனவே சில நிமிடங்களுக்கு ஒருமுறையேனும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை உள்ளே இழுத்தாக வேண்டும். திமிங்கலங்களில் சில அதிக நேரம் தாங்கும். மீன் தண்ணீருக்குள் மூச்சு விடக்கூடியது. வலையில் மாட்டினால் ஓங்கில் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறக்கிறது. கடலிலே பிறந்த பிராணி கடலிலே மூழ்கிச் சாகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது நமக்கே நம்பச் சற்று நேரமாயிற்று. மேலும் இவை மீனைப்போல் இலட்சக்கணக்கில் முட்டையிடுவன அல்ல. ஒரு பேறுக்கு ஒரு குட்டி. கடற்பசுவோ பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனும். பத்து இறந்தால் அந்தப் பத்து திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

இனி ஆராய்ச்சிக் கப்பல். இந்தக் கப்பல்களை நாம் குறை கூற வரவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மீன்வள ஆராய்ச்சிக்கும் இந்தப் பட்டணத்துக்கும் பழைய உறவு. சென்னை மாகாணத்து மீன்துறையார் 1920களிலேயே 'லேடி கோஷன்' என்ற இழுவைக் கப்பலை வைத்துத் தென்கடலில் மீன் வளத்தை ஆராய்ந்தார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது நம் சென்னையில்தான். பிறகு மண்டபத்துக்கும் அதன்பின் கொச்சிக்கும் இடம் மாறியது. 1946இல் பம்பாயில் ஆழ்கடல் மீன்பிடி நிலையமாகப் பிறந்த மற்றோர் அமைப்பு, 1983இல் இந்திய மீன்வள அளவை நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் தளம் ஒன்று இராயபுரம் மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறது. டென்மார்க்கில் கட்டப்பட்டு 1984இல் வந்த 'சாகர் சம்பதா' என்ற பெரிய ஆராய்ச்சிக் கப்பலைப் பற்றியும் உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இவர்கள் செய்யும் வேலை என்ன? கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில், முட்டையோடு இருப்பது எப்போது என்று கணக்கெடுக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் 61 நாட்கள் நிற்கின்றனவே, அதுபோன்ற தடைகளை நியாயமாக விதிக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட கணக்குகள் இல்லாமல் முடியாது. ஆகவே ஆராய்ச்சி வேண்டும்.

ஆனால் கடலுக்கடியில் உள்ள மீனை ஆராய்ச்சியாளர் எப்படி எண்ணுகிறார்? கரையில் நின்று எண்ண முடியாது. அவரும் வலைதான் போடுகிறார். இழுவை மடியைக் கடலில் இறக்கிக் குறித்த நேரம் இழுத்து, வந்ததை நிறுத்துக் கணக்கெழுதுகிறார். சூரையை ஆராயும்போது நூற்றுக்கணக்கில் தூண்டில் கட்டிய நீண்ட கயிற்றை விரிக்கிறார். கப்பலின் அடியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளக்கிறார். வலை வலைதான். அதை இழுக்கிறவருக்கு முனைவர் பட்டம் இருக்கிறது என்பது வலைக்குத் தெரியாது, ஓங்கிலுக்கும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. மீன் எங்கே மிகுதியோ அங்கேதான் ஓங்கில்களும் இரை தேடி வரும். சில வேளை வலைக்குள் இருக்கும் மீனையே குறிவைத்து மடியின் வாய்க்குள் புகும். ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் தேடும் கருவிகள் பலவும் 38, 120 கிலோஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இயங்குகின்றன. நம் காதுக்கு அவை எட்டா. ஓங்கிலின் செவியோ ஏறத்தாழ 150 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். அது ஒலியாலேயே வழி கண்டு, ஒலியாலேயே இரை தேடும் பிராணி. அதன் அருகில் ஓயாமல் ஒலியெழுப்புவது, நம் கண்ணெதிரே இடைவிடாமல் விளக்கைப் பாய்ச்சுவது போன்றது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி. இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அமெரிக்காவின் கடற்பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தவை. நம்முடையது 1972 செப்டம்பர், அவர்களுடையது அதே 1972 அக்டோபர். இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். இரண்டும் அடிப்படையில் ஒன்றையே சொல்லின: இந்த விலங்குகளைத் தொடாதே. ஆனால் வளர்ந்த பிறகு இரண்டும் வெவ்வேறு வழியில் போயின.

கடலில் எண்ணெய் தேடுகிறவர், பாலம் கட்டுகிறவர், ஆராய்ச்சி செய்கிறவர் ஆகியோர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு சில விலங்குகளுக்கு ஊறு நேரலாம் என்பதை அமெரிக்கச் சட்டம் ஒப்புக்கொண்டது. 1981இல் சட்டத்தைத் திருத்தி, அப்படி நேரக்கூடிய ஊறுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கும் வழியை ஏற்படுத்தினார்கள். எந்த இனத்தில் எத்தனை விலங்குகளுக்கு ஊறு நேரலாம் என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். அது அந்த இனத்தைப் பாதிக்காத சிறு அளவுதான் என்று காட்ட வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். அனுமதி அதிகமாகப் போனால் ஐந்தாண்டுக்கு. வியாபார மீன்பிடிப்புக்குத் தனி முறை உண்டு. ஆராய்ச்சிக் கப்பல் வியாபாரம் செய்வதில்லை ஆதலால் அந்த முறைக்குள் அது வராது. ஆகவே அரசின் மீன்வள ஆராய்ச்சி மையங்களே இந்தப் பொது வழியில் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவில் லா ஹோயா என்ற ஊரில் உள்ள தென்மேற்கு மீன்வள அறிவியல் மையத்துக்கு 2015இல் இத்தகைய விதிகள் வெளிவந்தன. மற்ற மையங்களுக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தன.

அந்த விதிகள் என்ன சொல்கின்றன என்பதைக் கேட்டால் நம் காசிமேட்டு மீனவருக்கே எளிதில் விளங்கும். மடியை இறக்குமுன் சுமார் அரை மணி நேரம் நாலாபக்கமும் கண்ணை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓங்கிலோ கடற்சிங்கமோ அருகில் தென்பட்டால் அங்கே வலை விடாமல் வேறிடம் நகர வேண்டும். நகர்ந்த இடத்திலும் தென்பட்டால் அன்றைக்கு அந்த இழுவையையே கைவிட வேண்டியிருக்கும். இழுக்கும் நேரத்தைக் கூடியவரை முப்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வலை கடலில் இருக்கும் வரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில வலைகளில், உள்ளே புகுந்த விலங்கு வெளியேறுவதற்குச் சாய்வான கம்பித் தட்டியும் அதன் மேல் ஒரு திறப்பும் வைக்கிறார்கள். எச்சரிக்கை ஒலி எழுப்பும் சிறு கருவிகளையும் வலையில் கட்டுகிறார்கள். நீண்ட தூண்டில் கயிறு போடும்போது மிஞ்சிய இரையைக் கடலில் வீசி விலங்குகளை வரவழைக்கக் கூடாது. இவ்வளவுக்கும் மேலே ஒன்று: ஏதாவது மாட்டினால் உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும் எழுதி வைத்து அறிவிக்க வேண்டும். காயப்படுத்துவது ஒரு வகை, ஒலியாலோ அருகில் போவதாலோ கலைத்து விரட்டுவது மற்றொரு வகை என்று இரண்டையும் பிரித்து எண்ணுகிறார்கள்.

அமெரிக்கர் செய்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. அனுமதி கேட்பது மீன்வளத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு. அனுமதி கொடுப்பது அதே மீன்வளத் துறையின் பாதுகாப்புப் பிரிவு. வலது கை எழுதிய விண்ணப்பத்தில் இடது கை கையொப்பமிடுவதைப் போலத்தான் இது தோன்றுகிறது. ஆயினும் அந்த விண்ணப்பம் ஊரறிய வெளியிடப்படுகிறது, எவரும் அதைப் படித்து மறுப்பு எழுதலாம் என்ற ஒன்று இருக்கிறதே, அதை நாம் குறைவாக மதிக்கக் கூடாது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். வேட்டை என்ற சொல்லுக்கு நம் சட்டம் கொடுக்கும் பொருள் மிக அகலமானது. கொல்லுதல் மட்டுமல்ல, பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல், இவற்றுக்கு முயலுதல் எல்லாம் அதில் அடங்கும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணையில் உள்ள விலங்கை வேட்டையாடினால் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். நம் கடற்பசு அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காக ஒரு விலங்கை வேண்டுமென்றே பிடிக்க விரும்பினால் அதற்கு 12ஆம் பிரிவு வழி காட்டுகிறது. தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் அனுமதி தரலாம். முதல் அட்டவணை விலங்கானால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். ஆக, வேண்டுமென்று பிடிப்பதற்கு அனுமதி முறை இருக்கிறது. கானாங்கெளுத்தியை எண்ணப் போன கப்பல் தற்செயலாக ஓங்கிலைப் பிடித்துவிட்டால்? அதற்கென்று முன்கூட்டி விண்ணப்பித்து, நிபந்தனை பெற்று, எண்ணிக்கைக்கு உட்பட்டு நடக்கும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இல்லை.

தற்செயல் என்ற சொல் சட்டத்துக்கே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 39ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இறந்து கிடந்த விலங்கும் தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் அரசின் சொத்து என்கிறது. அது யார் கைக்கு வந்ததோ அவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ அறிவிக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கட்டுமரக்காரர் நிலையில் நின்று இதை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஏழாண்டுச் சிறை என்ற சொல். மறுபக்கம் நீயே வந்து சொல் என்ற சொல். எவர் போய்ச் சொல்வார்?

நம் மார்க்கெட்டில் வெகுகாலமாகக் கூடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டோம். அவர் பேரன் விசைப்படகில் போகிறவன். "மாட்டினா என்ன ஃபாதர் பண்ணுவாங்க? வலையை அறுத்து உட்டுட்டு வாயை மூடிக்கினு வந்துடுவாங்க. செத்துதா பொழைச்சுதான்னு யாரு பாத்தா?" என்றார். பிறகு நம்மையே ஏற இறங்கப் பார்த்து, "அந்த வலை எம்மாம் வெலை தெரியுமா?" என்று கேட்டார். அந்த அம்மாவின் இரண்டு கேள்விகளுக்கும் இந்தக் கருத்தரங்கில் எவரேனும் பதில் சொன்னால் நன்றாயிருக்கும்.

குருமடத்தில் நீதிநெறி இயல் படித்தபோது அறியாமையை இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். புனித தோமஸ் அக்குவினாஸ் காலத்திலிருந்து வரும் பாகுபாடு அது. எவ்வளவு முயன்றாலும் வெல்ல முடியாத அறியாமை ஒன்று. சற்று முயன்றிருந்தால் வென்றிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முதலாவதற்குக் குற்றமில்லை. இரண்டாவதற்கு உண்டு. இருளில் செவுள் வலையை விரித்துவிட்டு அயர்ந்திருக்கும் மீனவருக்கு, அந்த வலைக்கு நடுஇரவில் ஓங்கில் வரும் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆராய்ச்சிக் கப்பலுக்கோ எங்கே, எந்த ஆழத்தில், எத்தனை மணிக்கு வலை இறங்கும் என்பது புறப்படுமுன்பே தாளில் எழுதப்பட்டிருக்கிறது. கப்பலில் உயரமான தளம் இருக்கிறது, தொலைநோக்கி இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறார்கள். நூறு முறை வலை போட்டால் ஒரு முறையாவது மாட்டும் என்பது கணக்குத் தெரிந்தவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்தும் நேருவதைத் தற்செயல் என்று மட்டும் சொல்லிக் கையைக் கழுவ முடியுமா? ஆகவே விதி என்று ஒன்று வருமானால் அது முதலில் ஏற வேண்டியது அரசின் ஆராய்ச்சிக் கப்பலின் மேல்தான், கட்டுமரத்தின் மேல் அன்று. இது நம் உறுதியான எண்ணம்.

இதில் நீதி மட்டுமல்ல, காரியமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நெடுகப் பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கு மேல் செத்து ஒதுங்கியதை நாம் எல்லோரும் கண்டோம், அதன் துர்நாற்றத்தையும் அறிவோம். உடனே எல்லா விரல்களும் இழுவைப் படகுகளை நோக்கி நீண்டன. ஆமைக்கு வழி விடும் தட்டியை ஏன் கட்டவில்லை என்று மீனவரைக் கேட்டார்கள். கேட்க வேண்டியதே. ஆனால் மீன் நழுவிப்போகும், நஷ்டம் வரும் என்று அவர்கள் அஞ்சுகிறபோது, எத்தனை மீன் போகிறது என்று அரசுக் கப்பல் தன் வலையில் கட்டி இழுத்து அவர்கள் கண்முன்னே நிறுத்துக் காட்டினால் அந்தப் பேச்சுக்கு இருக்கும் மதிப்பே வேறு. உபதேசிக்கிறவன் முதலில் நோன்பிருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய பாடம்.

வெளிநாட்டிலிருந்து வரும் நெருக்குதலும் உண்டு. தங்கள் நாட்டுக்கு மீன் அனுப்பும் நாடுகள், கடற்பாலூட்டிகளைக் காப்பதில் தங்களுக்கு ஒப்பான முறைகளை வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2016இல் விதி வெளியிட்டது. அது 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஐந்தாண்டு அவகாசம் என்றார்கள். பிறகு அதை நீட்டி 2025 கடைசி வரை கொடுத்தார்கள். ஆமைத் தட்டி விஷயத்தில் கடலில் பிடித்த நம் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடப்பட்டதை இறால் வியாபாரத்தில் இருப்போர் மறந்திருக்க மாட்டார்கள். எனவே நம் கடலில் எத்தனை ஓங்கில், எத்தனை திமிங்கலம் என்று எண்ணியாக வேண்டிய கட்டாயம் வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மீன்வள அளவை நிறுவனமும் சேர்ந்து அந்தக் கணக்கெடுப்பில் இறங்கின. அதற்கு முன்பே 2003 முதல் 'சாகர் சம்பதா'வின் பயணங்களில் ஆட்களை ஏற்றி, தென்படும் ஓங்கில்களையும் திமிங்கலங்களையும் குறித்து வந்தார்கள். இந்த உழைப்பு பாராட்டத்தக்கது. தளத்தில் நின்று ஓங்கிலை எண்ணப் பழகிய கண்கள் நம்மிடம் இருக்கின்றன என்பதற்கு இதுவே சாட்சி. அதே கண்களை வலை இறங்கும் நேரத்திலும் பயன்படுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எண்ணிக்கை எதற்கு என்று இளைஞர் ஒருவர் காலையில் கேட்டார். ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். அமெரிக்கச் சட்டத்தில் 1994 முதல் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஓரினத்தில் நிச்சயமாக உள்ளவை எத்தனை என்று எடுத்துக்கொள். அந்த இனம் ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு பெருகுமோ அதில் பாதியால் பெருக்கு. பிறகு, நிலைமை சரியாகத் தெரியாத இனமானால் மீண்டும் பாதியாக்கு. வருவதுதான் மனிதரால் ஓராண்டில் இறந்தாலும் அந்த இனம் தாங்கக்கூடிய எண்ணிக்கை. ஓங்கில், திமிங்கல வகைகள் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பெருகும் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆகவே ஓரிடத்தில் நிச்சயமாக ஆயிரம் ஓங்கில் இருந்தால், நான்கில் பாதி இரண்டு வீதம் இருபது. அதில் பாதி பத்து. பத்தே பத்து! ஆயிரத்துக்குப் பத்து என்றால், மீனவர் வலை, கப்பல் மோதல், ஆராய்ச்சி வலை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பத்து. ஆராய்ச்சி வலையில் மாட்டிய ஒன்று எழுதப்படாமல் போனால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். அந்தப் பொய்க் கணக்கின் மேல் எழும் தடையைச் சுமப்பதோ மீனவர்.

பயமுறுத்தலைக் காட்டிலும் நம்பிக்கை அதிகம் சாதிக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் நீரிணையில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இப்படியொன்று இதுவே முதல். நாடு முழுவதிலும் உள்ள கடற்பசுக்கள் ஏறக்குறைய 240 என்று அரசே அப்போது சொன்னது. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நம் எண்ணிக்கையை விட அதிகம் இல்லை! அந்தக் கரையில் வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களை அழைத்து வனத்துறையார் பாராட்டிப் பரிசு கொடுக்கிறார்கள். வலையை அறுத்து ஆவுளியாவை விட்டவர் ஒளிந்து வராமல் நிமிர்ந்து வருகிறார். எங்கே, எப்போது, எந்த வலையில் சிக்கியது என்பதும் அதனால் தெரியவருகிறது. அந்தப் பக்கத்தில் ஆராய்ச்சிக் கப்பல் போனால் அதுவும் அப்படியே நிமிர்ந்து வந்து சொல்ல வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறோம்.

மறுப்புகளும் உண்டு. அவற்றில் ஒன்று வலுவானது. விஞ்ஞானத் துறையில் இருக்கும் நம் பங்கைச் சேர்ந்த ஒரு நண்பர் எடுத்துச் சொன்னார். ஒரே இடத்தில், ஒரே மாதிரி வலையை, ஒரே அளவு நேரம், ஆண்டுதோறும் இழுத்தால்தான் இவ்வாண்டு மீன் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியும். ஓங்கில் தென்பட்டது என்று இடம் மாறினால், இழுக்கும் நேரத்தைக் குறைத்தால், வலையில் தட்டி வைத்தால், பழைய ஆண்டுகளின் கணக்கோடு புதிய கணக்கு ஒட்டாது என்றார். இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. சில காலம் பழைய முறையிலும் புதிய முறையிலும் அருகருகே இழுத்துப் பார்த்து, இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, பழைய கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். கப்பலை மாற்றும்போது மீன்வள விஞ்ஞானிகள் செய்வது இதுவே. கப்பல் மாறினால் செய்ய முடிவதை ஓங்கிலுக்காகச் செய்யக் கூடாதா? மற்ற மறுப்புகள், செலவு ஆகும், நேரம் வீணாகும் என்பன. அரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு டீசல் அதிகம் செலவாகாது.

அஞ்சி மறைப்பதனால் விஞ்ஞானத்துக்கே நஷ்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1973 ஜனவரியில் மன்னார் வளைகுடாக் கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிப் பக்கத்துக் கரைகளில் மீண்டும் அதே வகைத் திமிங்கலங்கள் பெருங்கூட்டமாய் ஒதுங்கி, 45 இறந்தன. அந்த ஊர் மீனவ மக்கள் இரவெல்லாம் நீரில் நின்று உயிரோடிருந்தவற்றைத் திரும்பக் கடலுக்குள் தள்ளினார்கள், சில மீண்டும் கரைக்கே வந்தன. எல்லோர் கண்ணெதிரிலும் நடந்ததனால் அவற்றைப் பற்றி எழுதப்பட்டது, ஆராயப்பட்டது. நடுக்கடலில் ஒற்றையாய் வலையில் சாகும் ஓங்கிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் வயிற்றில் என்ன இரை இருந்தது, வயது என்ன, குட்டி இருந்ததா என்பதெல்லாம் அதனோடு மூழ்கிவிடுகின்றன. இறந்த உடலைக் கரைக்குக் கொண்டுவந்து ஆராயும்படி விதி சொன்னால், போன உயிரிடமிருந்து சற்று அறிவாவது மிஞ்சும்.

நாம் கேட்பது பெரிய சட்டத் திருத்தம்கூட அன்று. சட்டம் திருத்தப் பாராளுமன்றம் வேண்டும், காலம் வேண்டும். ஆராய்ச்சிக் கப்பல்கள் அரசுடையவை. அவற்றுக்கு அரசே ஓர் உத்தரவு போடலாம். பயணம் புறப்படுமுன், எந்தக் கடலில் என்ன வலை, அங்கே எந்தப் பாலூட்டிகள் இருக்கக்கூடும் என்று எழுதித் தாருங்கள். வலை இறக்குமுன் பாருங்கள், இருந்தால் நகருங்கள். சிக்கினால் எழுதுங்கள். எழுதியதை ஆண்டுக்கொரு முறை ஊரறிய வெளியிடுங்கள், தமிழிலும் வெளியிடுங்கள். உண்மையைச் சொன்ன மாலுமியையும் விஞ்ஞானியையும் அதற்காகத் தண்டிக்காதீர்கள். அந்த முறை சில ஆண்டுகள் நடந்து பழகிய பிறகு, அதே பாதுகாப்பை, உண்மையைச் சொன்னால் தண்டனையில்லை என்ற அதே வாக்குறுதியை, மீனவர்களுக்கும் நீட்டலாம். வரிசை முக்கியம். முதலில் கப்பல், பிறகு படகு.

நம் இளைஞர் மன்றத்தார் இந்தக் கருத்துகளை வைத்து மத்திய மீன்வள அமைச்சகத்துக்கும் தமிழக வனத்துறைக்கும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறார்கள். அதன் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. தமிழ் சற்றுக் கடினமாக இருக்கிறது, மீனவர் படித்தால் விளங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். கையொப்பமிடுமுன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகு நாமும் கையொப்பமிடுகிறோம்.